குழியா, கட்டையா

எழுதுங்கய்யா. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, அந்த வணக்கம் கிணக்கமெல்லாம் உங்களுக்கே தெரியும், போட்டுக்கங்க. நாகையன்பட்டி சீனியம்மா எழுதிக்கொள்வது. வயசு அறுபத்திரெண்டுன்னு போடுங்க. ஆதார் அட்டையில அறுபத்தஞ்சுன்னு இருக்கும், அது அவிங்க தப்பு. என் தம்பி தங்கமாயன் செத்து இன்னையோட அம்பத்து மூணு நாளாச்சு. எங்க ஊர்ச் சுடுகாட்டுல அவனைப் பொதைச்சிருக்கு. அழகுராணின்னு ஒருத்தி, எங்களுக்கு ஒரு வகையிலயும் சொந்தமில்லாதவ, வாராவாரம் வந்து அவன் குழிமேட்டுல குழாயைச் சொருகிட்டுப் போறா. அவ இனிமே எங்க சுடுகாட்டுல காலை வைக்கக் கூடாது. வச்சா போலீசு பிடிச்சிட்டுப் போகணும். அம்புட்டுத்தான் மனு.

ஏன் பேனா நிக்கிது?

குழாய்தான்யா. வீட்டுக்குத் தண்ணி இழுக்கப் போடுவாகளே பிளாஸ்டிக் குழாயி, அதேதான். பொணத்துக்கு எதுக்குக் குழாய்னு கேக்குறீங்க. நல்லாக் கேட்டீங்க. அதைத்தான் நானும் அவகிட்டக் கேட்டேன்.

விவரமாச் சொன்னாத்தான் எழுத முடியும்ங்கிறீங்களா. சொல்றேன். ஒளிச்சு வைக்க எங்கிட்ட என்ன இருக்கு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கு முழங்காலு மடங்க மாட்டேங்குது.

எங்காத்தா வயித்துல நான் மூத்தவ, அவன் கடைசி. நடுவுல ரெண்டு தங்கல. ஆத்தா செத்தப்ப அவனுக்கு ஏழு வயசு. கட்டிக்குடுத்த வீட்டுக்கே அவனையும் கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவ நான். எம்புருசன் தங்கமான மனுசன், ஒண்ணும் சொல்லல. ரெண்டு பொட்டப் பிள்ளைகளைக் குடுத்துட்டு அந்த மனுசனும் லாரியில அடிபட்டுப் போய்ச் சேந்தாரு. பிள்ளைகளோட எங்காத்தா வீட்டுக்கே திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் எனக்கு ஆம்பளைத் தொணைன்னா என் தம்பிதான். கெணறு வெட்டுற வேலை. என் பிள்ளைகளுக்குக் காது குத்துனது அவன் மடியில. சடங்குக்குச் சீர் தூக்கிட்டு வந்தது அவன். கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊனுனது அவன். தாய்மாமன்னா அப்படி இருக்கணும்னு ஊரே சொல்லும்.

அவனுக்குக் கல்யாணமா? பாக்காம இருப்பேனா. மூணு எடம் பாத்தேன். மொதப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம். ரெண்டாவதுக்குப் பல்லு எடுப்பு. மூணாவது பிள்ளை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அவுக வீட்டுல மாப்பிள்ளை தனிக்குடித்தனம் வரணும்னு சொல்லிட்டாக. அவன் தனியாப் போயிட்டா என் பிள்ளைகளை யாருய்யா பாக்குறது? வேணாம்னுட்டேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவனும் ஒத்த வார்த்தை கேக்கல. சரிக்கான்னுட்டு மம்பட்டியைத் தூக்கிட்டு வேலைக்குப் போயிட்டான். நேரம் கூடி வரும்னு இருந்தேன். நேரம் வர்றதுக்குள்ள அவ வந்துட்டா.

வேலைக்குப் போன ஊர்ல இட்லிக் கடை போட்டிருந்தவ. புருசன் செத்தவ. வேற ஆளுக. என்ன ஆளுகன்னு மனுவுல எழுத வேணாம், அப்புறம் என்னையப் பிடிச்சு உள்ள போட்டுருவாக. அவ வீட்டுலதான் பதினாறு வருசம் கெடந்தான். தீபாவளி, பொங்கல், அம்மன் கோயில் பொங்கல் எல்லாத்துக்கும் எங்க வீட்டுக்கு வந்துருவான். ஒத்தையிலதான் வருவான். நான் அவளைப் பத்திக் கேக்க மாட்டேன், அவனும் பேச மாட்டான். ஒரே ஒரு வாட்டி, சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன், "யக்கா, ஒரு நாளைக்குக் கூட்டியாரவா"ன்னான். "கூட்டியா, வாசல்ல வச்சே வெளக்கமாத்தால பூசை பண்றேன்"னேன். மிச்சச் சோத்தையும் தின்னுட்டு, வட்டிலைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல.

கோயில்ல வச்சு மஞ்சக்கயிறு கட்டுனானாம். எந்தக் கோயிலு? யாரு பாத்தா? மூத்தவ நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கேன். தாலிக்கு மூணு முடிச்சு. மூணாவது முடிச்சு நாத்தனா போடணும். என் கை படாம ஒரு கயித்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டா அது தாலியாய்யா? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க.

வேணாம், சொல்ல வேணாம். எழுதுங்க.

ஆடி மாசம் ஒரு வியாழக்கெழமை. நெஞ்சு வலின்னு பெரியாஸ்பத்திரிக்கு அவதான் கொண்டு போயிருக்கா. எனக்கு போன் வந்து, நான் பஸ்ஸப் பிடிச்சுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. உடம்பை யாருகிட்டக் குடுக்குறதுன்னு கேட்டாக. நான் அக்கான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவ பக்கத்துலயே நின்னா. பதினாறு வருசம் சோறு போட்டவதான், இல்லைங்கல, ஆனா அவன் பொண்டாட்டின்னு காட்ட அவகிட்ட ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. வண்டியில அவளும் ஏறுனா. ஏறாதடின்னு வாயெடுக்குறேன், டிரைவரு கதவைச் சாத்திட்டான். பொணத்துக்கு அங்கிட்டு அவ, இங்கிட்டு நான். ஒண்ணரை மணி நேரம் அப்படியே வந்தோம்.

ஊருக்கு வந்து எறக்குனதும் எங்க பெரியதனக்காரரு விருமாண்டி வந்து வாசல்ல நின்னு கேட்டாரு. "குழியா, கட்டையா?"

உங்க பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்க ஆளுகள்ல கல்யாணம் ஆனவனைக் கட்டையில வச்சு எரிப்போம், ஆகாதவனைக் குழியில வைப்போம். எண்பது வயசுக் கெழவனா இருந்தாலும் கல்யாணம் ஆகலைன்னா குழிதான். எழவு வீட்டுல மொதக் கேள்வியே அதுதான். அதுக்குப் பதில் சொன்னாத்தான் சுடுகாட்டு வேலை பாக்குற கருத்தபாண்டி மம்பட்டியை எடுக்குறதா வெறகுக்குச் சொல்றதான்னு பாப்பான். கேக்குறது ஒரு முறைக்குத்தான். யாரு வீட்டுல எவன் கல்யாணம் ஆனவன்னு ஊருக்குத் தெரியாதாக்கும். ஆனா அன்னைக்கு எல்லாரும் அவளைப் பாக்குறாக, என்னையப் பாக்குறாக, மறுபடி அவளைப் பாக்குறாக.

கட்டைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன ஆகும்? அடுத்து, தாலி அறுக்கிறது யாருக்குன்னு கேப்பாக. கோடிச் சேலை யாருக்குன்னு கேப்பாக. எங்காத்தா வாழ்ந்த வாசல்ல அவளை நடுவுல உக்கார வச்சு, எங்க பங்காளி வீட்டுப் பொம்பளைக அவ கழுத்துக் கயித்தை அறுக்கணும். அறுத்துட்டா, அவ எங்க வீட்டுக்கு வாழ வந்தவன்னு ஆயிருச்சா இல்லையா? நான் பாத்தேன். "குழி"ன்னுட்டேன்.

அவ எந்திரிச்சு வந்தா. சண்டைக்குத்தான் வர்றான்னு நான் முந்தானையை இழுத்துச் சொருகிட்டு நின்னேன். சண்டைக்கு வரலய்யா. எம்முன்னால வந்து கையெடுத்துக் கும்பிடுறா. "மதினி, என்னையப் பொண்டாட்டின்னு சொல்ல வேணாம். தாலி அறுக்க வேணாம், கோடி வேணாம். நான் இப்பவே பஸ் ஏறிப் போயிர்றேன். அவரை மட்டும் மண்ணுல போட்றாதீக. எரிச்சிருங்க. அவருக்கு மண்ணுன்னா பயம்"கிறா.

மதினியாம். யாருக்கு யாரு மதினி.

மண்ணுன்னா பயம்கிறது நெசந்தான். அதை நான் இல்லைன்னு சொல்லல. அவ வந்து எனக்குச் சொல்லணுமா அதை? அவ மூஞ்சியைக்கூட அவன் பாக்குறதுக்கு முந்தி நடந்தது அது. கரட்டு ஓரத்துல ஒரு தோட்டத்துல கெணறு வெட்டிக்கிட்டு இருந்தாய்ங்க. நாப்பதடி எறங்கியாச்சு. மேல் மண்ணு அப்படியே சரிஞ்சு மூடிருச்சு. கூட நின்ன ரெண்டு பேரு கயித்தைப் பிடிச்சுத் தப்பிச்சுட்டாய்ங்க, இவன் உள்ள மாட்டிக்கிட்டான். ரெண்டு பாறை ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நின்னதுல மூஞ்சிக்கு முன்னால ஒரு சாண் எடம். தீயணைப்புக்காரவுக வந்து, ஒரு குழாயை மெதுமெதுவா உள்ள எறக்கி அவன் மூஞ்சிப் பக்கம் கொண்டு போனாக, காத்துக்கு. காலையில பத்து மணிக்கு மூடுனவனைச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் எடுத்தாக. அம்புட்டு நேரமும் அந்தக் குழாய் வாயில நான்தான் படுத்துக் கெடந்தேன். "தங்கம், தூங்கிறாதடா, அக்கா இங்கதான் இருக்கேன்"னு தொண்டை கட்டுற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தேன். "யக்கா, இருட்டா இருக்குக்கா"ன்னு கீழருந்து சத்தம் வரும். குழாய்க்குள்ள கேட்டா ஆம்பளைக் கொரலு மாதிரியே இருக்காதுய்யா. ஏழு வயசுப் பய பேசுற மாதிரி இருக்கும்.

அதுக்கப்புறம் அவன் போர்வையைத் தலைக்கு மேல இழுக்க மாட்டான். வீட்டுக்குள்ள படுக்க மாட்டான், மழை பேஞ்சாலும் வாசல்லதான் கட்டிலு. குளிக்கப் போனாக் கதவைச் சாத்த மாட்டான், பிள்ளைக கேலி பண்ணுங்க. கெணத்துக்குள்ளயும் எறங்கல. மேல நின்னு மண்ணு அள்ளுற கிரேனு ஓட்டுறேன்னுட்டான். அப்ப எனக்குச் சின்ன மகளுக்குச் சடங்கு வைக்க வேண்டியிருந்துச்சு, உள்ள எறங்குறவனுக்குத்தான் கூலி கூட. "ஒரு ஆறு மாசம் எறங்குடா"ன்னேன். "மாட்டேன்க்கா"ன்னான். என் பேச்சை அவன் தட்டுனது அந்த ஒரு தரந்தான். எனக்கு எம்புட்டுக் கோவம், தெரியுமா. ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல.

அப்படிப்பட்டவனை ஏன் மண்ணுல போட்டன்னு கேக்குறீங்க. வாயால கேக்கல, கண்ணாடிக்கு மேல பாத்துக் கேக்குறீங்க. செத்தவனுக்கு என்னய்யா பயம்? செத்தாச்சு, முடிஞ்சு போச்சு. அவ என்னத்துக்கு எரிக்கச் சொல்றா? எரிச்சிட்டா ஊரு என்ன சொல்லும், தங்கமாயனை எரிச்சாக, அப்ப அவன் கல்யாணம் ஆனவன்தான்னு சொல்லும். தாலி வேணாம், கோடி வேணாம்னு கும்பிட்டுக்கிட்டே காரியத்தைச் சாதிக்கப் பாக்குறான்னு எனக்குத் தோணுச்சு. அவ மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நானே கட்டைன்னு சொல்லிருப்பேனோ என்னமோ. அவ கேட்டதுனாலதான் நான் குழின்னு நின்னேன். எல்லாம் அவளால வந்தது.

இன்னொண்ணும் இருக்கு. கல்யாணம் ஆகாம செத்தவனை அப்படியே அனுப்பக் கூடாது. கன்னி கழிக்கணும். வாழைக்கன்னு ஒண்ணை வெட்டிட்டு வந்து, மஞ்சத்துணி சுத்தி, பொணத்துக்குப் பக்கத்துல நிறுத்துவாக. அவன் கையால அதுக்கு ஒரு கயித்தைக் கட்ட வச்சு, கட்டுன கையோட அறுத்துருவாக. கையைப் பிடிச்சுக் கட்ட வைக்கிறது கூடப் பெறந்தவ வேலை. நான்தான் பிடிச்சேன். வெறைச்சுப் போன வெரலு, மடங்க மாட்டேங்குது. ரெண்டு முடிச்சு அவன் வெரலை வச்சு ஒரு மாதிரியாப் போட்டாச்சு. மூணாவது முடிச்சு நாத்தனா முடிச்சுல்ல, அதை நானே போட்டேன். எல்லாம் முறைப்படி செஞ்சேன்யா. ஒரு குத்தம் குறை சொல்ல முடியாது.

அவ செவுத்துல சாஞ்சு நின்னு முழுசும் பாத்தா. அழுகல. அழுது பொரண்டிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். கண்ணைக் கொட்டாம அந்த வாழைக்கன்னைப் பாத்துக்கிட்டே நின்னா. எங்க பக்கம் பொம்பளைக பொணத்தோட சுடுகாட்டுக்குப் போறதில்ல. அவ போயிருக்கா. வேலிக்கு அங்கிட்டு நின்னாளாம், மண்ணைத் தள்ளுறப்பக் காதைப் பொத்திக்கிட்டாளாம். கருத்தபாண்டி வந்து சொன்னான். சொல்லச் சொல்லி அவனை யாரு கேட்டா.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அஞ்சு நாளு. ஆடு மேய்க்கிற பெருமாயி ஓடியாந்து, "யத்தே, மாமன் குழியில குழாய் மொளைச்சிருக்கு"ங்கிறா. போய்ப் பாத்தேன். தலைமாட்டுல, மூஞ்சிக்கு நேரா, கைமொத்தத்துல ஒரு குழாய் நட்டுக்கிட்டு நிக்கிது. மழைத்தண்ணி உள்ள போகாம மேல வளைவு மாட்டியிருக்கா. எறும்பு போகாம வாயில கொசுவலையை வச்சு நூலால கட்டியிருக்கா. எனக்கு எப்படி இருக்கும்? டீக்கடையில ஒருத்தன், "என்ன பெரியாத்தா, மாமனுக்குப் போர் போட்டாச்சு போல, தண்ணி வருதா"ங்கிறான். மானம் போச்சுய்யா. பிடுங்கி வேலிக்கு அங்கிட்டு வீசிட்டு வந்தேன். அடுத்த வியாழக்கெழமை மறுபடியும் நிக்கிது. பிடுங்குனேன். அதுக்கு அடுத்த வியாழக்கெழமை, இவளைக் கையும் களவுமாப் பிடிக்கணும்னே காலையில போய்ப் புளியமரத்தடியில உக்காந்துட்டேன். பத்து மணி பஸ்ஸுக்கு வர்றா, கையில புதுக் குழாயோட.

"ஏண்டி, பொணம் மூச்சு விடுமாடி?"ன்னேன்.

"விடாது மதினி."

"பெறகு எதுக்குடி இந்தக் கூத்து?"

"விடாதுன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதுல்ல"ன்னுட்டு, தன் பாட்டுக்கு உக்காந்து கம்பியால மண்ணைக் குத்த ஆரம்பிச்சுட்டா. நான் பக்கத்துல நின்னு வையிறேன், வாயில வராத வார்த்தையெல்லாம் வருது, அவ பாட்டுக்குக் குத்துறா. சொருகி, வளைவை மாட்டி, வலையைக் கட்டி, குழாய்ல வாயை வச்சு ஏதோ சொன்னா. என்ன சொன்னான்னு கேக்கல எனக்கு. அவ பஸ் ஏறுற வரைக்கும் நின்னு பாத்துட்டு, பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போயி அருவாளால ரெண்டா வெட்டிப் போட்டேன்.

அதுக்கடுத்த வியாழக்கெழமை அவ வரல.

நிம்மதின்னு நெனச்சேன். ஒரு வாரம் போச்சு. மறு வியாழனும் வரல. இந்த மழை பிடிச்சுச்சுல்ல, நாலு நாளா விடாம, உங்களுக்கு இங்கிட்டும் பேஞ்சிருக்கும். எங்க ஊர்ல ஓடை கரை தட்டிப் போகுது. நான் வீட்டுக்குள்ள உக்காந்து கூரையைப் பாத்துக்கிட்டு இருக்கேன். மண்ணு ஊறும்ல. ஊறுனா எறங்கும்ல. கெணத்துல சரிஞ்ச மண்ணும் மழை ஊறிச் சரிஞ்சதுதான். வரணும்ல அவ? வாராவாரம் வந்து மானத்தை வாங்கத் தெரியுது, மழைன்னா வரத் தெரியாதா? பதினாறு வருசம் வாழ்ந்தேன் வாழ்ந்தேன்னு சொல்றவ, ஒரு மழைக்கு வீட்டுல முடங்கிக்கிட்டா. எனக்கு ஆத்தாமை தாங்கல. வெள்ளிக்கெழமை மழை கொஞ்சம் விட்டுச்சு, போனேன். குழிமேடே இல்லய்யா. தரையோட தரையாப் படிஞ்சு போச்சு. மேல தண்ணி நிக்கிது.

என்ன பண்ணுவேன்? சொல்லுங்க, என்ன பண்ண முடியும்?

பஜார்ல போய்க் குழாய் வாங்குனேன். கடைக்காரன், "வீட்டுக்காம்மா"ன்னான். ஆமான்னேன். வளைவை மாட்டத் தெரியல, அவனையே மாட்டித் தரச் சொன்னேன். வலைக்கு என் பழைய கொசுவலையில ஒரு துண்டைக் கிழிச்சுக்கிட்டேன். தண்ணியைச் செரட்டையால எறைச்சு ஊத்திட்டு, கம்பியை வச்சுக் குத்துனேன். மடங்காத முழங்காலை மடக்கிச் சேத்துல உக்காந்தேன். எங்கிட்டுக் குத்துனாலும் கல்லு தட்டுது. அவளுக்கு அளவு தெரியும் போல, எனக்குத் தெரியல. ஒரு வழியா எறங்குச்சு. அதுல வாயை வச்சு நான் பேசினேனான்னு கேக்காதீங்க. அது மனுவுக்குத் தேவையில்ல.

சிரிக்கிறீங்களா? இல்லையா. சரி.

ஞாயித்துக்கெழமை அவ ஊருக்குப் போனேன். சமாதானம் பேசப் போகலய்யா, அப்படியெல்லாம் நெனச்சுக்கிறாதீங்க. ஏண்டி வரலைன்னு நாலு வார்த்தை கேக்கத்தான் போனேன். கடை பூட்டிக் கெடக்கு. வாசல்ல கட்டிலு, அதுல அவ. காய்ச்சல். எலும்பும் தோலுமாக் கெடக்கா. என்னையப் பாத்ததும் எந்திரிக்கப் பாக்குறா, முடியல. மொத வார்த்தையே, "குழாய் இருக்கா மதினி, யாரும் பிடுங்கலையே?"

"இருக்கு"ன்னேன்.

"நான் கடைசியாப் போட்டதையும் நீங்க பிடுங்கிருப்பீகளே."

"போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"வேற எவ போடுவா?"ன்னேன். கோவமாத்தான் சொன்னேன். அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. தோளு குலுங்குது. வாழைக்கன்னுக்குத் தாலி கட்டுறப்ப அழுகாதவ அன்னைக்கு அழுகுறா. நான் என்ன செய்ய, அடுப்படியில போய்ப் பாத்தேன், ஒண்ணுமில்ல, அரிசி கெடந்துச்சு, கஞ்சி வச்சு ஒரு செம்புல ஊத்திக் குடுத்தேன். காய்ச்சக்காரிக்கு யாரா இருந்தாலும் அது செய்யிறதுதான்.

குடிச்சுட்டுச் சொல்றா, "இந்தக் குழாயை எத்தனை நாளைக்கு மதினி ஊனிக்கிட்டு இருக்க முடியும்? எடுத்து எரிச்சிரலாம். நான் வக்கீல் ஆபீசுல விசாரிச்சேன். கலெக்டருகிட்ட எழுதிக் குடுத்தா, ஆபீசரு வந்து பக்கத்துல நின்னு எடுக்க விடுவாகளாம். நான் எழுதுனா நீ யாருன்னு கேப்பாக. நீங்க எழுதிக் குடுங்க"ன்னா.

"ஆமா, நீ யாரு?"ன்னேன். வாயில அதுதான் வந்துச்சு. செம்பை வாங்கி வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வர்ற வழி பூரா கொதிக்கிது. எனக்கு யோசனை சொல்ல இவ யாரு? நான் பொதைச்சது தப்புன்னு ஊருக்கு முன்னால நானே கையெழுத்துப் போடணுமாம். எரிச்சா, அவன் கல்யாணம் ஆனவன்னு ஆயிரும்ல. எல்லாம் கணக்காத்தான் பண்றா. அந்தக் கோவத்துலதான் விடிஞ்சதும் விடியாததுமா பஸ் ஏறி உங்ககிட்ட வந்து உக்காந்திருக்கேன். இப்பப் புரிஞ்சுதா? எழுதுங்க. அவ சுடுகாட்டுல காலை வைக்கக் கூடாது. குழாய் இருக்கக் கூடாது.

ஏன்யா பேனாவை மூடுறீங்க?

என்ன சொல்றீங்க, சத்தமாச் சொல்லுங்க, கூட்டத்துல கேக்கல. இந்த மனுவை உள்ள குடுத்தா, போலீசு அவளைக் கூப்பிட்டு எழுதி வாங்கிரும். சரி. அவ வர மாட்டா. சரி. குழாயையும் பஞ்சாயத்து ஆளு வந்து பிடுங்கிருவான். ம்.

பிடுங்குனா மறுபடி போட முடியாதா?

நான் போட்டாலுமா? நான் அவன் அக்காய்யா. என் மனுதான இது.

என் மனுங்கிறதுனாலதான் போட முடியாதா.

கொஞ்சம் பொறுங்க. தண்ணி இருந்தாக் குடுங்க. நீங்க அடுத்த ஆளைப் பாக்கணும்னா பாருங்க, நான் எங்கயும் போகல. இல்ல, பாக்காதீங்க. இருங்க. எனக்கு அறுபத்தஞ்சு வயசுய்யா, ஆதார்ல இருக்கிறதுதான் சரி. நான் எம்புட்டு நாளைக்குப் போய்ச் சேத்துல உக்காந்து குத்திக்கிட்டு இருப்பேன்? அவளும் சொருகிச் சொருகிப் படுத்துட்டா. நாங்க ரெண்டு பேரும் போயிட்டா அவனை யாரு கேக்குறது?

அதைக் கிழிங்க. கிழிங்கன்னா கிழிங்க. வேற தாளு எடுங்க.

மனு குடுக்குறவுக ரெண்டு பேரு. மொதல்ல அவ பேரைப் போடுங்க. அழகுராணி. புருசன் பேரு எழுதுவீகள்ல, அங்கிட்டுத் தங்கமாயன்னு எழுதுங்க. ஏன் என் மூஞ்சியைப் பாக்குறீங்க, தாளைப் பாத்து எழுதுங்க. ஊரு கேக்கட்டும். தாலியும் அறுக்கச் சொல்றேன், கோடியும் போடச் சொல்றேன், அவளுக்குக் கூடப் பெறந்தவன் இல்லைன்னா நான் எடுத்துப் போடுறேன். விருமாண்டி என்ன கேப்பாரோ கேக்கட்டும், அவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ரெண்டாவதா சீனியம்மா. நாத்தனான்னு போடுங்க. மேற்படி தங்கமாயனைத் தோண்டி எடுத்து, எங்க வழக்கப்படி கட்டையில வச்சு எரிக்க உத்தரவு தரணும். அவ கையெழுத்துக்கு எடம் விடுங்க, காய்ச்சல் விட்டதும் கூட்டியாந்து போட வைக்கிறேன்.

எங்க, என்ன எழுதிட்டீங்க, வாசிங்க. "அறியாமல் புதைத்துவிட்டபடியால்."

அதை அடிங்க. அறியாமன்னு யாரு சொன்னா? கெணத்து மேட்டுல ஏழு மணி நேரம் கெடந்தவ நான். அவன் பயந்ததும் எனக்குத் தெரியும், அவ கும்பிட்டுச் சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. தெரிஞ்சேதான் அவனை மண்ணுல போட்டேன். அப்படியே எழுதுங்க. தெரிஞ்சே போட்டேன்னு எழுதுங்கய்யா, ஆபீசரு என்னையக் கூப்பிட்டு என்ன வேணாலும் கேக்கட்டும்.